புட்டும் சொதியும் அண்ணையும்

பெரியம்மா பால் காய்ச்சும் சட்டியில் அண்ணை தன்னுடைய பல்லுக்காப்பைப் போட்டுக் கொதிக்க வைத்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறவர்கள் வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் காப்பு அது. புதிதாக வாங்கினால் கொதிநீரில் போட்டு இளக வைத்து, சூடு ஆறுவதற்குள் பல்லில் பொருத்திக் கடிக்க வேண்டும். அப்போதுதான் அவரவர் பல்லுக்கு அது படியும். வேலையால் வந்த பெரியம்மா தேத்தண்ணிக்கென்று சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் வளைந்து கிடந்ததை யாருடையதோ பொய்ப்பல் என்று நினைத்து அவர் போட்ட சத்தத்தில் கீழ்மாடியில் இருந்த நாங்கள் மேலே ஓடிப்போனோம். அண்ணை அதை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, பதில் சொல்ல முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சட்டியைப் பெரியம்மா அன்றே குப்பையில் போட்டார்.

அவர் என் பெரியம்மாவின் மகன். எனக்குக் கூடப்பிறந்த ஆண்கள் யாரும் இல்லாததால் அண்ணை என்றால் அவர் ஒருவர்தான். ஹனோவரில் ஒரே கட்டடத்தில், ஒரு மாடி இடைவெளியில் எங்கள் இரண்டு குடும்பங்களும் இருந்தன. அம்மாவும் பெரியம்மாவும் கதவைப் பூட்டுவதே இல்லை. கறிச்சட்டிகள் படியேறுவதும் இறங்குவதுமாக இருக்கும். நான் எந்த வீட்டில் சாப்பிட்டேன், எந்த வீட்டில் படுத்தேன் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அண்ணையின் பழைய சப்பாத்து, பழைய சைக்கிள், பழைய பாடப்புத்தகம் என்று எல்லாமே வரிசைப்படி எனக்கு வந்து சேரும். கடைசியில் அவருடைய விளையாட்டும் வந்து சேர்ந்தது.

அவரை அந்த விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனவன் அவரோடு படித்த ஒரு ஜெர்மன்காரப் பொடியன். அதுவரை அவர் பள்ளிக்கூடத்தில் கைப்பந்து எறிந்துகொண்டிருந்தவர். தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, பொலிஸில் சேர்ந்துவிட்டாரோ என்று அம்மா கேட்டார். ஒரு தரப்பு பந்தைக் கொண்டு முன்னேறப் பார்க்கும், மற்றத் தரப்பு மறிக்கும், அண்ணை மறிக்கிற தரப்பு என்று பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தினோம். ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா, இது நாங்கள் ஊரில் விளையாடிய கிளித்தட்டுத்தான், ஆனால் தொடுவதற்குப் பதிலாகக் கொல்லுகிறார்கள் என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் அதே விளக்கம்தான்.

மறிக்கிற தரப்பின் நடுவில் நிற்பவரை லைன்பேக்கர் என்பார்கள். சாதாரணமாக அந்த இடத்தில் மாடு மாதிரி ஆட்கள்தான் நிற்பார்கள். அண்ணை உயரமும் இல்லை, பருமனும் இல்லை. ஆனால் பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது பந்தை வைத்திருப்பவனுக்குத் தெரியும் முன்னரே அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அவர் சொல்லித் தந்ததில் இன்றுவரை மறக்காதது ஒன்று: “கண்ணைப் பாக்காதை, காலைப் பார். கண்ணால ஆரும் பேக்காட்டலாம்.” கண்ணால் ஏமாற்றலாம், கால் ஏமாற்றாது என்பது அவர் கணக்கு. நான் அவருக்குப் பின்னால், எல்லோருக்கும் கடைசியில், சேஃப்டி என்ற இடத்தில் நின்றேன். மற்றவர்கள் எல்லோரையும் தாண்டி வருபவனை மறிப்பது என் வேலை. நான் விட்டால் அதற்குப் பிறகு ஆள் இல்லை. இப்போது நான் ஹனோவரில் கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியர். தோளுக்கு மேலால் திரும்பிப் பார் என்று மாணவர்களிடம் நாள் முழுவதும் கத்துவது அந்தப் பழக்கத்தில் வந்ததுதான்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு முறையும் பந்து கைக்கு வருவதற்கு முன் சில விநாடிகள் இருக்கும். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, மறிக்கிறவர்கள் தங்களுக்குள் கத்தி இடம் மாறிக்கொள்வார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் கத்துவார்கள். கத்தினால் எதிரணிக்கும் விளங்கும் என்பதால் ஒவ்வொரு கழகமும் ஏதோ ஒரு இரகசியச் சொல்லை வைத்துக்கொண்டு, அதை அடிக்கடி மாற்றும். எங்கள் இருவருக்கும் அந்தத் தொல்லையே இருக்கவில்லை. ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு ரயிலில் போகும்போது பெரியம்மா புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கட்டித் தந்த பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் சொற்களைத் தீர்மானித்தோம். ‘புட்டு’ என்றால் அண்ணை பந்தெறிபவனை நோக்கி முன்னால் பாய்வார், நான் ஓடி வந்து அவருடைய இடத்தை நிரப்புவேன். ‘சொதி’ என்றால் அவர் பக்கவாட்டில் விலகி ஓரத்தைக் காப்பார், நான் இன்னும் பின்னால் போவேன். வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான். ஜெர்மனியின் எந்த மைதானத்தில் யார் காதில் விழுந்தால் என்ன? பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்ப்பவன் என்பதால் கத்துவது என் பொறுப்பாக இருந்தது. நான் புட்டு என்று கத்துவேன்; முன்னால் அவருடைய முதுகு ஒருமுறை அசையும். திரும்பிப் பார்க்கவே மாட்டார். அந்த முதுகு அசைவதைப் பார்ப்பதற்காகவே நான் விளையாடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருமுறை அவருடைய முழங்கால் உள்ளுக்குள் கிழிந்துபோய்ச் சத்திரசிகிச்சை செய்தார்கள். இனி விளையாட ஏலாது என்றுதான் வைத்தியரும் சொன்னார். பெரியம்மா நேர்ந்துகொண்டபடி, கால் தேறிய அடுத்த கோடையில், ஜெர்மனியிலேயே உள்ள ஊன்ட்றொப் அம்மன் கோவில் திருவிழாவுக்குப் போனோம். அண்ணை செடில் காவடி எடுத்தார். முதுகில் கொக்கிகள் குத்தி, அவற்றில் கட்டிய கயிறுகளை ஒருவர் பின்னால் நின்று பிடிக்க வேண்டும். ஆடுபவர் முன்னால் இழுப்பார். பிடிப்பவர் விட்டுக்கொடுக்கவும் கூடாது, வெட்டி இழுக்கவும் கூடாது. அனுபவப்பட்டவர்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். தம்பிதான் பிடிக்க வேண்டும் என்று அண்ணை ஒரே பிடியாக நின்றார். கால்வாய்க் கரையோர வீதியில், தார் சுட்ட அந்த மத்தியானத்தில், அவருடைய தோல் கூடாரம் மாதிரி இழுபட்டு எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன். கயிறு வழுக்காமல் இருக்க ஒவ்வொரு கையாக வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கிய பிறகு, நோகவில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பருவம் அவர் விளையாடிய விளையாட்டைப் பார்த்துவிட்டு ஹம்பேர்க் கழகம் ஒன்று அவரைக் கேட்டது. எங்கள் பிரிவில்தான் அவர்களும் விளையாடினார்கள். ஆனால் அங்கே சிலரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அண்ணை மின்வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைக் கடைசி வருடத்தில் நிறுத்திவிட்டுப் போகப்போகிறேன் என்றதும் வீடு இரண்டுபட்டது. பெரியப்பா சில கிழமைகள் அவரோடு கதைக்கவே இல்லை. அண்ணைக்காக நான்தான் வாதாடினேன். விளையாட்டையே தொழிலாகச் செய்கிற தமிழன் எங்கள் குடும்பத்தில் இருக்கப்போகிறான், இதைவிட என்ன வேண்டும் என்று பெரியப்பாவிடம் போய் நின்றேன். வாடகை வான் எடுத்து அவருடைய கட்டிலையும் மெத்தையையும் ஹம்பேர்க்கில் கொண்டுபோய் இறக்கியதும் நான்தான். திரும்பி வரும்போது வான் வெறுமையாகக் கடகடத்துக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை வந்தது. பெருமையும் இருந்தது.

அவர் போன பிறகு எங்கள் தடுப்பாட்டப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார். வயதான ஜெர்மன்காரர், அதிகம் கதைக்காதவர். சொற்களை மாற்று என்றார். போகிறவன் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் போவான், இந்த விளையாட்டில் இது வழக்கம், இதில் கோபிக்க ஒன்றும் இல்லை என்றார். அவர் என் அண்ணை என்று நான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. கூடப்பிறந்தவரா என்று கேட்டார். பெரியம்மாவின் மகன் என்றேன். அப்படியென்றால் ஒன்றுவிட்ட சகோதரன்தானே என்றார். அவருடைய மொழியில் அப்படித்தான். எங்களுக்கு அப்படி இல்லை என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். சொற்களை மாற்றுவது என்றால் அண்ணையின் முகத்துக்கு நேரே ‘உங்களை நான் நம்பவில்லை’ என்று சொல்வதுதான் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, பின்வரிசை உன்னுடைய பொறுப்பு என்று போய்விட்டார். அண்ணையின் இடத்துக்கு வந்த போலந்துக்காரப் பொடியனுக்குப் புட்டையும் சொதியையும் நானே பழக்கினேன். அவன் வாயில் சொதி படாதபாடு பட்டது.

ஹம்பேர்க்கோடு அவர்களுடைய மைதானத்தில் எங்களுக்கு ஆட்டம் வந்தது. அந்த ஆட்டத்தில் என்னைப் பார்ப்பதற்கென்று தெற்கில் உள்ள முழுநேரக் கழகம் ஒன்றிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்கு ஒரு சேஃப்டி தேவைப்பட்டது. நன்றாக விளையாடினால் எனக்கும் அண்ணையைப் போல அதுவே தொழில். இல்லாவிட்டால் மாமா பார்த்து வைத்திருக்கும் சாரதிப் பள்ளி வேலை. அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் அண்ணைக்குத்தான் ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவருக்கும் சந்தோசம்தான். “பயப்பிடாதை, நீ எப்பவும் விளையாடுற மாதிரி விளையாடு” என்றார். நான் அப்படியேதான் விளையாடினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரும் மறிக்கிறவர், நானும் மறிக்கிறவன். ஆகவே நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மைதானத்துக்குள் நிற்க வாய்ப்பில்லை. நான் உள்ளே நிற்கும்போது அவர் தன் அணியோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே இளைப்பாறிக்கொண்டிருப்பார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்தபடி அவர் நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்கு மனம் குளிர்ந்தது. ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. புட்டு என்று கத்தினேன், போலந்துக்காரன் பாய்ந்தான், அவர்களுடைய பந்தெறிபவனைப் புல்லில் சாய்த்தான். சொதி என்று கத்தினேன், எனக்கு வந்த பந்தை அந்தரத்தில் வைத்துத் தட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணை இடம் மாறியதைக் கண்டேன். தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்களுடைய தாக்குதல் பயிற்சியாளருக்கு அருகே போய் நின்றார். நான் புட்டு என்று கத்தினேன். அண்ணையின் வாய் அசைந்தது. பயிற்சியாளர் கையை உயர்த்தினார், பந்தெறிபவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான், தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான். நான் முன்னால் ஓடி வந்தேன். பந்து என் தலைக்கு மேலாகப் போய், நான் விட்டுவந்த வெறும் புல்வெளியில் ஒருவன் கையில் விழுந்தது. அவனைத் துரத்த அங்கே யாரும் இல்லை. அடுத்த முறை சொதி என்று கத்திவிட்டுப் பின்னால் போனேன். பந்தை வைத்துக்கொண்டு ஒருவன் வெறிச்சோடிக் கிடந்த நடுவால் நடந்து போகிற மாதிரிப் போனான். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை என்று மூளை சொன்னது, மனம் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். மறுபடியும் அவருடைய வாய் அசைந்தது. பெரியம்மாவின் சமையலறைச் சொல்லை அவர் அங்கே நின்று ஜெர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பயிற்சியாளர் என்னை வெளியே எடுத்தார். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு துவாயைத்தான் தந்தார். தெற்கிலிருந்து வந்தவர்கள் ஆட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து போனதை ஓரத்து வாங்கில் குந்தியிருந்தபடி பார்த்தேன். ஆட்டம் முடிந்து இரு அணிகளும் கைகொடுக்கும் நேரத்தில் அண்ணை என்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்து, நல்லாத்தான் விளையாடினாய், இப்படிச் சில நாள் அமையும் என்றார். அவருடைய வியர்வை மணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமானது. அந்த மணத்துக்குள் நின்றுகொண்டு, இவரை எனக்குத் தெரியாது என்று நினைத்தேன். அடித்திருந்தால், திட்டியிருந்தால், ஏன், என்னைப் பார்க்காமல் போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. ஆறுதல் சொன்னாரே, அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

தெற்குக் கழகம் எனக்குப் பதிலே போடவில்லை. அடுத்த வருடம் அவர்கள் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டத்தில் அவர் விளையாடியதும் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். அங்கே அவர் பல பருவங்கள் விளையாடினார், அணித்தலைவராக இருந்தார், மற்ற முழங்காலையும் கிழித்துக்கொண்டார், ஊசி போட்டுக்கொண்டு இறுதி ஆட்டம் ஒன்றில் நின்றார். பெரியப்பா அவருடைய படம் வந்த பத்திரிகைகளை மடித்து அலுமாரியில் வைத்தார். எனக்கு நடந்ததை நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மேல்மாடிக்குப் போவாரா? பெரியம்மா கீழே வருவாரா? படியேறி இறங்கும் சட்டிகளை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். கலியாணங்களில் சந்தித்தால் சிரித்துக் கதைப்போம். என் பிள்ளைக்குக் காது குத்தியபோது மாலையும் சங்கிலியுமாக வந்து நின்றார். நானும் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். நான் இனி விளையாடவில்லை என்றபோது ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

இந்த வருடம் அவர் விளையாட்டிலிருந்து ஓய்வுபெற்று ஹம்பேர்க்குக்கே பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் அவரைக் கௌரவிக்கிறார்கள், கட்டாயம் வர வேண்டும் என்று பெரியம்மா ஃபோன் எடுத்துச் சொன்னதால் போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். என்ன கதை? புட்டுக் கதை. ஜெர்மன் மைதானத்தின் நடுவில் நானும் என் தம்பியும் தமிழில் கத்தினோம், ஒருத்தனுக்கும் விளங்கவில்லை, தமிழ்தான் எங்களைக் காப்பாற்றியது என்றார். மண்டபம் சிரித்தது, கைதட்டியது. பிள்ளைகள் கதிரைகளில் ஏறிநின்று புட்டு, சொதி என்று கத்தினார்கள். தம்பி அந்தா இருக்கிறான் என்று அவர் கையைக் காட்ட, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழும்பிக் கைகூப்பினேன். அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபம் அன்றைக்கு ஹம்பேர்க் மைதானத்தில்கூட வரவில்லை. என்னிடம் இருந்ததை எடுத்தார், சரி. எடுத்த கதையைத் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த நல்ல கதையையும் மேடையில் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் அவர் மண்டபத்தின் பின்கதவடியில் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் ஒன்றைச் சாப்பிட்டபடி தனியே நின்றார். வெயில் நன்றாக எறித்தது. போய்க் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை, அன்றைக்கு ஏன் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்டேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அங்கே அது வேலை, சம்பளம் வாங்குகிறவன் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“தொடக்கத்தில நான் ஒண்டும் சொல்லேல்லையடா. நீ பழைய சொல்லையே கத்தினாய். என்னைப் பேக்காட்டத்தான் கத்துறாய், உள்ளுக்குள்ள எல்லாத்தையும் மாத்திப்போட்டாய் எண்டு நினைச்சன். பிறகுதான் பாத்தன், நீ ஒண்டையும் மாத்தேல்லை.” என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஏன் நீ மாத்தேல்லை?”

இத்தனை காலமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. என் நம்பிக்கை அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அதை விற்றார் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்து அவரை வெறுப்பதில்கூட ஒரு உறவு இருந்தது. அவர் கேட்ட கேள்வியில் ஒளிப்பு மறைப்பு இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“நீங்கள் அங்க நிண்டீங்கள் எண்டபடியால்தான் மாத்தேல்லை, அண்ணை” என்றேன்.

அவர் என்னை விசரன், பைத்தியம் என்று செல்லமாகச் சொல்லி என் தோளில் தட்டினார். கையில் இருந்த எண்ணெய் என் சேர்ட்டில் பட்டது. போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் போக முடியவில்லை.

“நான் ஹம்பேர்க்குக்குப் போய், நீங்கள் ஹனோவரில நிண்டிருந்தால், சொல்லை மாத்தியிருப்பியளோ?”

“ஓம்” என்றார், மிச்ச றோல்ஸை வாயில் போட்டுக்கொண்டு. “அண்டைக்கே மாத்தியிருப்பன்.”

அவர் யோசிக்கவே இல்லை.